அந்தரத்தில் இறுக்கிய ஹெரால்டு

ஞானசிகாமணி சாருடைய ஹெரால்டு கார் தரையில் படாமல் ஒரு சாண் உயரத்தில் நின்ற பதினாறு நாளும் கல்லடிமுக்கில் வேறு பேச்சே இல்லை என்று வெளியூர்க்காரர்கள் சொல்லிக்கொண்டு திரிகிறார்கள். அது பொய். முதல் இரண்டு நாள்தான் அப்படி. மூன்றாம் நாளிலிருந்து நாங்கள் பழையபடி குழாயில் தண்ணீர் வரவில்லை, ஆறரை பஸ் வரவில்லை, சாரல் இந்த வருஷம் ஏமாற்றிவிட்டது என்று பேச ஆரம்பித்து, அந்தப் பேச்சோடு பேச்சாகக் காரையும் பேசினோம், அவ்வளவுதான்.

சிகாமணி சார் வாத்தியார் இல்லை. முப்பத்திநாலு வருஷம் டெலிபோன் கம்பத்தில் ஏறிக் கம்பி கட்டிய லைன்மேன். டீச்சரின் வீட்டுக்காரரை வேறு எப்படிக் கூப்பிடுவது என்று தெரியாமல் ஊர் அவரையும் சார் ஆக்கிவிட்டது. டீச்சர் என்றால் ரூபி டீச்சர், பெண்கள் பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சர். இன்றைக்குக் கல்லடிமுக்கில் நாற்பது வயதைத் தாண்டாத எந்தப் பெண்ணும் அவருடைய விசிலுக்கு ஓடியவள்தான், விசில் சத்தம் கேட்டால் இப்போதும் இடுப்பில் இருக்கிற குடத்தை இறக்கி வைத்துவிட்டு நிமிர்ந்து நிற்கிறவள்தான். அந்த டீச்சர் இரண்டு வருஷத்துக்கு முன்னால் வாலிபால் நெட் கட்ட ஸ்டூலில் ஏறி, மல்லாக்க விழுந்து, முதுகெலும்பில் ஒரு கணு நொறுங்கிப் படுத்தார். மூன்று மாதம் படுக்கட்டும், பிறகு கொஞ்சம் கொஞ்சமாக உட்காரப் பழகட்டும் என்றுதான் டாக்டர் சொன்னார். முதல் நாள் உட்கார்த்தியபோது டீச்சர் வலி தாங்காமல் ஒரு தடவை கத்தினார். அந்த ஒரு சத்தத்தில் சிகாமணி சாருக்கு உயிர் போய் வந்தது. உடனே அவரைப் படுக்க வைத்தவர், அதன்பிறகு உட்காரச் சொல்லி யாரையும் வாயைத் திறக்க விடவில்லை. ஒருமுறை ஆஸ்பத்திரிக்கு வேன் வைத்துக் கூட்டிப் போனார்கள். சந்தை வளைவுக் குழியில் வண்டி ஒரு குதி குதித்ததும் டீச்சருக்கு நினைவு தப்பிவிட, வேன் அப்படியே திரும்பி வந்தது. அத்தோடு டீச்சர் வாசலைத் தாண்டவில்லை.

இந்த நிலைமையில்தான் அவர்களுடைய ஒரே மகள் எப்சிக்குக் கல்யாணம் கூடியது. மாப்பிள்ளைக்கு ஊர் நல்லமாங்குளம், கிழக்கே பதின்மூன்று கிலோமீட்டர். அவர்கள் வேதக்காரர்கள், சர்ச்சைக் கோயில் என்றும் பாதிரியாரை ஐயர் என்றும் சொல்கிறவர்கள்; அவர்கள் வழக்கப்படி கல்யாணம் மாப்பிள்ளை ஊர்க் கோயிலில்தான் நடக்க வேண்டும். ஆடி மாதத்தில் எங்களில் பாதிப் பேருக்குக் கல்யாணம் கிடையாது, அவர்களுக்கு உண்டு, மண்டபமும் சும்மா கிடந்தது, எல்லாம் தோதாக அமைந்தது, அம்மா மட்டும்தான் அமையவில்லை. "நான் போன்ல பாத்துக்கிடுதேன், நீ சந்தோசமாப் போ" என்றார் டீச்சர். எப்சி அம்மாவுக்குப் பிறந்தவள் இல்லையா, சட்டென்று சொல்லிவிட்டாள்.

"மூணு ஞாயித்துக்கிழம கோயில்ல கல்யாண ஓலை வாசிப்பாவல்லா. ஆட்சேபம் உள்ளவங்க சொல்லலாம்னு ஐயர் கேப்பாவல்லா. அம்மா வரலன்னா மூணாவது ஓலைக்கு நானே எந்திரிச்சு ஆட்சேபம் இருக்குன்னு சொல்லுவேன். பொண்ணே சொன்னா என்ன செய்வாவளாம்?"

சொன்னால் செய்கிறவள். ஆகவே சிகாமணி சாருக்கு இருந்தது ஒரே ஒரு வேலை. ரூபி டீச்சரை ஒரு குலுக்கல் இல்லாமல் நல்லமாங்குளம் கோயில் வாசலில் கொண்டு இறக்க வேண்டும்.

அவர்களுடைய ஹெரால்டு எட்டு வருஷமாக ஷெட்டில் தூங்கிக்கொண்டிருந்தது. எங்கள் மெக்கானிக் வண்டிமலை அதைத் தள்ளிக்கொண்டு போய், முன்பக்கம் முழுவதையும் முதலை வாய் போலத் திறந்து வைத்து, முன்சக்கரத்தின் மேலேயே ஏறி உட்கார்ந்துகொண்டு உள்ளே பார்த்தான். சக்கரத்தை வண்டியோடு பிடித்துக்கொண்டிருக்கிற ஆர்ம் இரண்டு பக்கமும் வளைந்திருந்தது. ஆர்ம் வண்டியில் சேருகிற தோள்பட்டையில் ரப்பர் புஷ் என்று ஒன்று இருக்க வேண்டும், அந்த இடத்தில் நமத்துப்போன முறுக்குத் தூள் மாதிரி ஏதோ உதிர்ந்தது.

"சார், இந்த வண்டி குலுக்காம என்ன செய்யும்? எலும்போட எலும்பு இடிக்குது. ஆர்ம் புதுசு, புஷ் புதுசு, பின்னாடியும் புதுசு போட்டுட்டா டீச்சர் பாலாடையில போற மாதிரி போவாவ."

கோயம்புத்தூரிலிருந்து பெட்டி வந்து இறங்கிய அன்று ஒர்க்ஷாப்பில் திருவிழாக் கூட்டம். டீக்கடை மைதீன் பாய் கடையை அடைத்துவிட்டு வந்தார். புது ஆர்ம் கறுப்பாகப் பளபளத்தது, புது ரப்பரின் வாசனையை ஆளாளுக்கு மோந்து பார்த்துவிட்டு அடுத்தவரிடம் கொடுத்தார்கள். வண்டிமலை புஷ்ஷைச் சோப்புத் தண்ணீரில் முக்கி, ஆர்மின் கண்ணில் வைத்து, வைஸில் கொடுத்துக் கைப்பிடியைச் சுற்றச் சுற்ற, அது முக்கி முனகிக்கொண்டே உள்ளே போய் 'டப்' என்று உட்காரும்போது நாங்கள் ஒவ்வொன்றுக்கும் கைதட்டினோம். எதற்குக் கைதட்டுகிறோம் என்று எங்களுக்கே தெரியாது, சந்தோஷமாக இருந்தது, தட்டினோம்.

இங்கே வண்டிமலையின் தொழில்முறை ஒன்றைச் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் நடந்தது புரியாது. புது புஷ் போட்டால் அவன் நட்டுகளைக் கையால் மட்டும் திருகி வைப்பான். ஜாக்கியை இறக்கி, வண்டி தன் சொந்தப் பாரத்தில் நாலு சக்கரத்திலும் நின்ற பிறகுதான், அந்த வண்டியில் வழக்கமாகப் போகிறவர்களை உள்ளே உட்கார வைத்து, அடியில் படுத்துக்கொண்டு கடைசி இறுக்கு இறுக்குவான். ரப்பருக்கு எந்த நிலையில் இறுக்குகிறோமோ அதுதான் வீடு என்பான். அன்றைக்கு எல்லாவற்றையும் மாட்டிக் கையால் திருகிவிட்டு, கார் நாலு ஸ்டாண்டில் உயரத்தில் நிற்க, சக்கரம் நாலும் தொங்க, சாப்பிட்டுவிட்டு வருகிறேன் என்று போனான்.

சிகாமணி சார் தனியாக நின்றார். ஒரு நட்டைத் தொட்டுப் பார்த்தார், ஆடியது. அடுத்ததைத் தொட்டார், அதுவும் ஆடியது. முப்பத்திநாலு வருஷம் கம்பத்து உச்சியில் நின்ற மனிதர், அந்தரத்தில் ஒரு நட்டைத் தளர்வாக விட்டுவிட்டுக் கீழே இறங்கினால் மறுநாள் கம்பி அறுந்து யார் தலையிலாவது விழும் என்று பழகிய கை. அதிலும் இது ரூபி படுத்துக்கொண்டு போகப்போகிற வண்டி. ஸ்பேனரை எடுத்தார், அடியில் புகுந்தார், முன்னால் பின்னால் இடது வலது என்று ஒன்று விடாமல், பல்லைக் கடித்துக்கொண்டு, உடம்பில் உள்ள பலத்தையும் மனதில் உள்ள பயத்தையும் சேர்த்து, இனி இறுகாது என்கிற வரைக்கும் இறுக்கினார்.

வண்டிமலை ஏப்பம் விட்டுக்கொண்டு வந்து, ஜாக்கியைக் கொடுத்து, ஸ்டாண்டுகளை உருவி, ஜாக்கியை இறக்கினான். ஜாக்கி இறங்கியது. கார் இறங்கவில்லை.

ஜாக்கியை வெளியே இழுத்தான். கார் நின்ற உயரத்திலேயே நின்றது. வண்டிமலை குனிந்து ஒரு நட்டைத் தொட்டான், பிறகு சிகாமணி சாரின் கையில் இருந்த ஸ்பேனரைப் பார்த்தான்.

"சார், இறுக்கிட்டியளா?"

"ஆடிச்சுல்லா."

"அந்தரத்துல வச்சு இறுக்கிட்டிய. இனி அதுக்கு அந்தரம்தான் வீடு."

அவ்வளவுதான் விளக்கம். அதற்கு மேல் யாரும் கேட்கவும் இல்லை, நல்லமாங்குளத்திலிருந்து வந்த ஒரு இன்ஜினியர் கேட்டார், அவருக்கு மைதீன் பாய் டீ கொடுத்து அனுப்பினார்.

ஊருக்கு அதைவிட முக்கியமான கேள்விகள் இருந்தன. ஒரு கட்சி காரின் அடியில் நீள ஸ்கேலை விட்டு அளந்து ஒரு சாணும் நாலு விரலும் என்றது, இன்னொரு கட்சி யாருடைய சாண் என்று கேட்டது, அதில் ஒரு நாள் போனது. ரோட்டில் படாத வண்டிக்கு ரோட்டு வரி உண்டா என்று ஒரு சண்டை நடந்தது. போலீஸ்காரர் ஒருவர் வந்து, நிறுத்தக்கூடாத இடத்தில் நிற்கிறது என்று எழுதப்போனார். நிற்கிறது என்று எப்படி எழுதுவீர்கள் என்று எங்கள் வார்டு மெம்பர் செல்லக்கிளி கேட்டதும் பேனாவை மூடிவிட்டார். ஆடுகள் அடியில் படுத்து அசைபோட்டன, ஒரு கோழி இடது முன்சக்கரத்துக்குக் கீழே முட்டையிட்டது. அந்த முட்டைக்கு மட்டும் இரண்டு நாள் மரியாதை இருந்தது, பிறகு அதையும் யாரோ ஆம்லெட் போட்டுவிட்டார்கள்.

அப்புறம்தான் காற்று வந்தது. எங்கள் ஊரில் ஆடிக்காற்று மலையிலிருந்து கிழக்கே அடிக்கும், சைக்கிளில் போகிறவன் மிதிக்கவே வேண்டாம். அந்தக் காற்று ஒரு மத்தியானம் காரைத் தொட்டது. கார் மெதுவாக ஒர்க்ஷாப்பை விட்டு வெளியே வந்து, பஸ் ஸ்டாண்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு, ஜவுளிக்கடை வாசலில் கொஞ்சம் யோசித்து, குளத்தங்கரை வைக்கோல் போரில் போய் முட்டி நின்றது. விரட்டிக்கொண்டு ஓடிய வண்டிமலை ஒரு கையால் தள்ளினான், வந்தது. ஒரு விரலால் தள்ளினான், அப்போதும் வந்தது. அன்றிலிருந்து காரைச் சிகாமணி சார் வீட்டு வேம்பில் பசுமாட்டைக் கட்டுகிற மாதிரி கயிறு போட்டுக் கட்டினார்கள். போகிறவர் வருகிறவர் எல்லாம் அதை ஒரு விரலால் தள்ளிப் பார்த்துவிட்டுத்தான் போனார்கள்.

விரலால் தள்ளிய காரை ஜன்னல் வழியாகப் படுக்கையிலிருந்தே பார்த்துக்கொண்டிருந்த ரூபி டீச்சர்தான் முதலில் சொன்னார்.

"ஏட்டி செல்லக்கிளி, அதுல என்னை ஏத்து."

ஏற்றினோம். ஹெரால்டின் கூரையைப் போல்ட் கழற்றித் தனியாக எடுத்து வைத்துவிடலாம், எடுத்து வைத்தோம். முன் சீட்டை மல்லாத்தி, மெத்தை விரித்து, கட்டிலோடு தூக்கிக்கொண்டு வந்து டீச்சரை மேலேயிருந்து இறக்கினோம். சிகாமணி சார் ஒரு ஓரமாக நின்று கண்ணை மூடிக்கொண்டார். செல்லக்கிளி ஒரு விரலால் தள்ளினாள். கார் தெருவில் நகர்ந்தது. கல் வந்தது, கார் கல்லுக்கு மேலே போனது. பள்ளம் வந்தது, பள்ளத்துக்கும் மேலே போனது. சந்தை வளைவின் பெருங்குழி வந்தது, எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டோம், குழி பாட்டுக்குக் கீழே கிடந்தது, டீச்சர் மேலே போனார். வானத்தைப் பார்த்துக்கொண்டே சிரித்தார். இரண்டு வருஷமாகக் காணாத சிரிப்பு, தெருவே அதைப் பார்த்துச் சிரித்தது.

"ரெண்டாவது ஓலை வாசிச்சாச்சு. மூணாவதையும் வாசிக்கச் சொல்லுங்க. நான் போவேன்" என்றார்.

வண்டிமலை மட்டும் சிரிக்கவில்லை. அவன் தினமும் அடியில் படுத்து டார்ச் அடித்து ரப்பரைப் பார்த்துக்கொண்டிருந்தான். சிகாமணி சாரைத் தனியே கூப்பிட்டுச் சொன்னான்.

"சார், முறுக்கின கயிறு மாதிரி நிக்குது. என்னைக்காவது கிழியும். கிழிஞ்சா ஒரு சாண் உயரத்துலேருந்து டொம்முன்னு விழும். டீச்சர் மேல இருந்தா என்ன ஆவும்னு நான் சொல்ல வேண்டாம். தளர்த்தி இறக்கி, முறைப்படி இறுக்கித் தாரேன். குலுக்கல் நல்லாக் குறையும். ஆனா, இல்லாமப் போவாது."

சிகாமணி சார் அன்று சாப்பிடவில்லை. இறக்கினால் பதின்மூன்று கிலோமீட்டர் குழி. இறக்காவிட்டால் ஒரு சாண் பள்ளம். இரண்டிலும் ரூபிதான் விழுகிறாள். கடைசியில் அதை டீச்சரிடமே சொன்னார். டீச்சர் வண்டிமலையைக் கூப்பிட்டார்.

"கிழியதுக்கு முன்னாடி சத்தம் கேக்குமா?"

"கேக்கும் டீச்சர். நறநறன்னு முனகும். முனக ஆரம்பிச்சா ஒரு அரைமணி நேரம் தாங்கும்."

"அப்ப நீ பக்கத்துலயே காதை வச்சுக்கிட்டு ஓடி வா. போவோம்."

கல்யாணத்தன்று காலை ஆறு மணிக்குப் புறப்பட்டோம். எப்சி முந்தின நாளே நல்லமாங்குளம் போய்விட்டாள். தள்ளுவதற்கென்று ஊரில் பாதி வந்திருந்தது. தேர் முட்டுக்கட்டைக்காரர்கள் நாலு பேர் கட்டையோடு வந்து பார்த்துவிட்டு, சக்கரமே தரையில் இல்லை, முட்டு எங்கே போடுவது என்று கட்டையைப் போட்டுவிட்டுக் கயிற்றைப் பிடித்தார்கள். முன்னால் இரண்டு கயிறு, பின்னால் நாலு கயிறு. பின் கயிறு முழுக்க டீச்சரிடம் படித்த பெண்கள், சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, செல்லக்கிளி தலைமையில். வெள்ளை வேட்டி சட்டையில் சிகாமணி சார் ஸ்டியரிங்கைப் பிடித்து உட்கார்ந்திருந்தார், அது எதையும் திருப்பவில்லை, ஹாரன் மட்டும் வேலை செய்தது, அதை அடித்துக்கொண்டே வந்தார். டீச்சர் பட்டுச்சேலையில் மல்லாக்கப் படுத்து, வாயில் விசிலை வைத்திருந்தார். ஒரு ஊதல் என்றால் பிடி, இரண்டு ஊதல் என்றால் விடு.

ஊர் எல்லையைத் தாண்டியதும் முதுகுக்குப் பின்னாலிருந்து ஆடிக்காற்று வந்து காரை எடுத்துக்கொண்டது. அதன்பிறகு தள்ளுவது என்ற பேச்சே இல்லை, பிடிப்பதுதான் வேலை. கார் போகிற வேகத்துக்கு அறுபது பேர் கயிற்றில் தொங்கிக்கொண்டு ஓடினோம், செருப்புகள் பறந்தன, மைதீன் பாயின் தொப்பி காருக்கு முன்னால் போய்விட்டது, விசில் ஒன்று ஊதியதும் எல்லோரும் குதிகாலை ஊன்றிப் பின்னால் சாய்வோம், இரண்டு ஊதியதும் மறுபடி ஓட்டம், வயலில் நடவு நட்டுக்கொண்டிருந்தவர்கள் கையில் நாற்றோடு நிமிர்ந்து பார்த்துவிட்டு, ரூபி டீச்சர் போறாவ என்று சொல்லிவிட்டு மறுபடி குனிந்தார்கள், எதிரே வந்த பஸ் ஓரங்கட்டி நின்றது, அதிலிருந்து இறங்கி ஏழெட்டுப் பேர் கயிற்றைப் பிடித்தார்கள், ஏன் பிடிக்கிறோம் என்று கேட்காமலேயே பிடித்தார்கள், நான் என் வாழ்நாளில் அப்படி ஓடியதில்லை, மூச்சு வாங்கியது, விலா வலித்தது, இந்த ரோடு முடியக்கூடாது என்று இருந்தது.

பதினோராவது கிலோமீட்டர் கல்லைத் தாண்டியபோது வண்டிமலை கையைத் தூக்கினான். எல்லோரும் நின்றோம். காற்று ஓய்ந்திருந்த ஒரு நிமிஷம்; காரின் இடது முன்பக்கத்திலிருந்து, பசித்த நாய் முனகுவது மாதிரி ஒரு சத்தம் வந்தது.

"அரைமணிகூட இல்ல. இப்பவே இறக்கணும்" என்றான் வண்டிமலை. "ஒவ்வொரு நட்டா, கால் கால் திருப்பு, சுத்திச் சுத்தி வந்து தளர்த்துனா பூ மாதிரி இறங்கும். இறங்கின பெறவு இறுக்கணும். அந்த ஒரு புஷ் இனி ரொம்ப நாள் வராது, ஆனா இந்த ரெண்டு கிலோமீட்டருக்கு வரும். வண்டிய ஸ்டார்ட் பண்ணி ஓட்டிக்கிட்டுப் போயிரலாம்." பிறகு தலையைச் சொறிந்தான். "டீச்சர், ஒண்ணு கேக்கணும். இறுக்கும்போது எப்படி இருக்கியளோ, வண்டி அந்தப் பாரத்துக்குத்தான் பழகும். எப்படிப் போவப் போறிய?"

"உக்காந்து" என்றார் டீச்சர்.

"ஏ ரூபி" என்றார் சிகாமணி சார். "வேண்டாம் ரூபி. படுத்தே வா. மெதுவா ஓட்டுதேன், நடக்க வேகத்துல ஓட்டுதேன். கல்யாணத்துக்கு நேரமானாலும் ஆவட்டும்."

டீச்சர் விசிலைக் கழற்றிப் பக்கத்தில் வைத்தார்.

"நான் ஆறு மாசமா உக்காந்துக்கிட்டுதான் இருக்கேன்."

சிகாமணி சாருக்குப் புரியவில்லை. நாங்கள் கீழே பார்த்தோம். எங்கள் வீட்டுப் பெண்களுக்கெல்லாம் அது தெரியும்.

"நீங்க காலையில பால் வாங்கப் போற நேரம் எந்திரிச்சு உக்காருதேன். செல்லக்கிளி வந்து பிடிச்சுக்கிடுவா. மொதல்ல ரெண்டு நிமிசம், இப்ப முக்கால் மணி நேரம். நீங்க கேட்டைத் திறக்கிற சத்தம் கேட்டதும் படுத்துக்கிடுதேன்."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா நீங்க பால் வாங்கவும் போவ மாட்டிய." டீச்சர் அவர் சட்டைக் கையைப் பிடித்தார். "எனக்காக ரெண்டு வருசமா நீங்க ஒரு வீட்டுக்குப் போவல, ஒரு நல்லது கெட்டதுக்குப் போவல. நான் அதை மறக்கல. ஆனா இந்த வண்டியச் செஞ்ச மாதிரிதான் என்னையும் செஞ்சு வச்சிருக்கிய. படுத்த நிலையில வச்சு இறுக்கிட்டிய. தளத்துங்க."

ரப்பர் முனகிக்கொண்டிருந்தது. சிகாமணி சார் காரை விட்டு இறங்கினார். வண்டிமலையின் கையிலிருந்த ஸ்பேனரை வாங்கினார். வெள்ளை வேட்டியோடு தார் ரோட்டில் படுத்துக் காருக்கு அடியில் போனார்.

சீட்டை நிமிர்த்தினோம். செல்லக்கிளியும் இன்னொருத்தியும் இரண்டு பக்கமும் பிடிக்க, டீச்சர் பல்லைக் கடித்துக்கொண்டு எழுந்து, நிமிர்ந்து உட்கார்ந்தார். நெற்றி வேர்த்தது. "ம்" என்றார், அவ்வளவுதான். வண்டிமலை ஒரு பக்கமும் சார் மறு பக்கமுமாகக் கால் திருப்பு, கால் திருப்பு என்று சுற்றி வந்து தளர்த்தத் தளர்த்த, கார் ஒரு விரல் இறங்கியது, இன்னொரு விரல் இறங்கியது, அடியில் படுத்திருந்தவர்கள் நகர்ந்து வெளியே வந்து கையை மட்டும் நீட்டித் தளர்த்தினார்கள், பதினாறு நாள் தரையில் படாத டயர் நாலும் ஒன்றன்பின் ஒன்றாக ரோட்டைத் தொட்டன. டீச்சருக்குத் தொட்டது தெரியவில்லை. அவருடைய பாரம், நிமிர்ந்து உட்கார்ந்த பாரம், வண்டியில் இறங்கியது. வண்டி அதை வாங்கிக்கொண்டு கொஞ்சம் தாழ்ந்து நின்றது. சாரும் ஏறி ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்ததும், அந்த நிலையில் வண்டிமலை ஒவ்வொரு நட்டாக இறுக்கினான்.

சாவியைத் திருப்பியதும் ஹெரால்டு இருமியது, தும்மியது, பிறகு ஓடியது. நாங்கள் கயிற்றைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு பின்னாலேயே ஓடினோம். முதல் குழி வந்தது. புது ஆர்ம் ஏறி இறங்கியது, புது ரப்பர் அதை மென்று விழுங்கியது, மிச்சம் கொஞ்சம் டீச்சருக்குப் போய்ச் சேர்ந்தது. சிகாமணி சார் பிரேக்கில் காலை வைத்துவிட்டார்.

"வலிக்கா?"

"வலிக்கத்தான் செய்யுது. ஓட்டுங்க."

இரண்டாவது குழிக்கு அவர் கேட்கவில்லை. மூன்றாவது குழிக்கு டீச்சரே "இது நல்ல குழி" என்றார். இந்த ரோட்டில் எத்தனை தடவை பிள்ளைகளை வாலிபால் மேட்சுக்குக் கூட்டிப் போயிருப்பார், குழிகளெல்லாம் பழைய குழிகளின் பிள்ளைகள்தான், அவருக்கு ஒவ்வொன்றும் அடையாளம் தெரிந்தது, அவர் சத்தமாகச் சொல்லச் சொல்ல நாங்கள் பின்னாலிருந்து "ஆமா டீச்சர்" என்று பதில் கொடுத்துக்கொண்டே ஓடினோம். நல்லமாங்குளம் எல்லைக்குள் நுழையும்போது கோயில் மணி அடித்தது. வாசலில் வெள்ளைச் சேலையும் பூவுமாக நின்ற எப்சி, அம்மா உட்கார்ந்து வருவதைப் பார்த்துவிட்டு, மேக்கப் போட்ட அக்கா கத்தக் கத்த அழுதாள்.

கோயிலுக்குள் முன்வரிசை ஓரமாக டீச்சருக்கென்று மாப்பிள்ளை வீட்டார் கட்டில் போட்டு, வெள்ளைத் துணி விரித்து, தலையணையும் வைத்திருந்தார்கள், பாவம், நல்ல மனிதர்கள். டீச்சர் அதை எடுக்கச் சொன்னார். கட்டில் வெளியே போனது, ஒரு நாற்காலி உள்ளே வந்தது. செல்லக்கிளி பிடித்து உட்கார்த்திவிட்டு விலகினாள். சிகாமணி சார் நாற்காலிக்குப் பின்னால் போய் நின்றுகொண்டு, மனைவியின் தோளுக்கு இரண்டு பக்கமும், தொடாமல், நாலு விரற்கடை தள்ளி, இரண்டு கைகளையும் விரித்துப் பிடித்துக்கொண்டார். பாட்டு முடிந்தது, ஜெபம் முடிந்தது, அந்தக் கைகள் இறங்கவில்லை.

ஐயர் புத்தகத்தைப் புரட்டி, இந்தப் பெண்ணை இந்த மனுஷனுக்கு விவாகத்தில் கொடுப்பவர் யார் என்று கேட்டார். யாரும் வரவில்லை. எப்சி திரும்பிப் பார்த்தாள். கோயில் முழுக்கத் திரும்பிப் பார்த்தது.

"கையை எடுங்க" என்றார் ரூபி டீச்சர், திரும்பாமல், மெல்லிய குரலில். "புள்ளையக் குடுக்கணும்லா."

சிகாமணி சார் கையை எடுத்தார். ஒரு நொடி அவற்றை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் நின்றார். பிறகு நாற்காலியைச் சுற்றி வந்து, பத்து எட்டு எடுத்து வைத்து, மகளின் வலது கையைப் பிடித்து ஐயரிடம் கொடுத்தார். ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.